கம்பெனி பஸ்ஸில் பாதுகாப்பு சபை

அவளுக்கு எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாது. கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தால் பிரித்த மறு நிமிடம் முன்னால் இருப்பவளுக்கு ஒன்று, பின்னால் இருப்பவளுக்கு ஒன்று என்று பஸ் முழுக்கப் போய்விடும். கடைசியில் காகிதத்தில் மிஞ்சிய தூளை உள்ளங்கையில் தட்டி வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாருக்குல்ல?" என்று எல்லோரையும் கேட்பாள். இதை நல்ல குணம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பிஸ்கட் அவளுடையதாக இருந்தால் நானும் சொல்லியிருப்பேன். பாதி நாள் அது என்னுடையது.

நான் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. என் டேபிளிலேயே ஒரு பி.எட். இருக்கிறாள். தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஷூவாகத் திருப்பிப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்கி வைப்பது எங்கள் வேலை. அவள் தையல் செக்‌ஷன். பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டவள். அவள் தைத்ததை நான் பார்த்து ஒதுக்கினால்கூட, "சரிக்கா, குடு, பிரிச்சித் தைக்கிறேன்" என்று சிரித்தபடி வாங்கிப் போவாள். ஒரு நாளாவது முகம் சுளித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் பஸ் அணைக்கட்டில் கிளம்பி, எங்கள் ஊர், ஒடுகத்தூர் எல்லாம் தாண்டி, வழியெல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு மாதனூரில் ஹைவே ஏறி ஆம்பூர் போகும். டிரைவருக்குப் பின்னால் முதல் அஞ்சு சீட்டுக்கு ஒரு கதை உண்டு. கம்பெனி முதன்முதலில் இந்தப் பக்கம் வண்டி விட்டபோது அதில் ஏறத் துணிந்தவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள் அஞ்சு பேர்தான். பெண்கள் வெளியே வேலைக்குப் போனால் என்னென்னவோ பேசிய காலம் அது. அவர்கள் போய் நல்லபடியாகத் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் மற்ற ஊர்க்காரிகள் ஏறினார்கள். வேனாக இருந்தது பஸ் ஆனது. அணைக்கட்டிலேயே பஸ் நிறைந்து, அதற்கப்புறம் ஏறுகிறவர்கள் ஆம்பூர் வரைக்கும் நின்றுகொண்டே வருகிற நிலைமையும் வந்தது. அந்த அஞ்சு சீட்டு மட்டும் அந்த அஞ்சு பேருடையதாகவே இருந்தது. ஒருத்தி லீவு போட்டால் அவள் சீட்டின்மேல் பக்கத்து சீட்டுக்காரி துப்பட்டாவைப் போட்டு வைப்பாள். நின்று வருகிற யாரும் அதை எடுக்கமாட்டார்கள்.

அந்த அஞ்சில் ஜன்னலோர சீட்டு என் அண்ணியுடையது. இடுப்பு வலி வந்து அண்ணி வேலையை விட்டதும் நான் அதில் உட்கார்ந்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு அது வெறும் சீட்டு இல்லை. சர்க்கார் வேலைக்கான பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் அடுப்பு, கம்பெனியில் டேபிள். நான் படிக்க இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த ஜன்னலோரம்தான். அது போனால் பரீட்சை போகும், பரீட்சை போனால் ஆயுசுக்கும் செக்கிங் டேபிள்தான் என்று எனக்குத் தெரியும்.

அஞ்சு பேருக்கும் இன்னொரு உரிமையும் இருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைத்தான் பார்ப்பார். எங்களில் ஒருத்தி "போலாம்ணா" என்றால் கியர் விழுந்துவிடும். "இருண்ணா, ஒருத்தி ஓடி வர்றா" என்று பஸ்ஸே கத்தினாலும் அப்புறம் நிற்காது. கேட்டில் நேரம் தவறினால் அத்தனை பேருக்கும் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால் அதையும் யாரும் குறை சொன்னதில்லை.

அவள் ஏறுவது ஒடுகத்தூருக்கு அடுத்த ஸ்டாப். அதனால் நிற்பதுதான் அவள் தலையெழுத்து. நிற்பதற்கு அவள் தேர்ந்தெடுத்த இடம் என் சீட்டுக்குப் பக்கத்துக் கம்பி. எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். ஒரு நாள் ஐ.நா.வின் பாதுகாப்பு சபையைப் படித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து உறுப்பினர்கள், ஐந்து பேர் நிரந்தரம், பத்து பேர் தேர்தலில் வந்து ரெண்டு வருஷத்தில் போய்விடுவார்கள் என்று நான் முனகிக்கொண்டிருந்தபோது மேலிருந்து குரல் வந்தது.

"இன்னாக்கா அது, நிரந்தரம்?"

"எப்பவும் அவங்களேதான் இருப்பாங்க. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ். மாத்த முடியாது."

"யாரு அப்டி வெச்சது?"

"ரெண்டாவது உலகப் போர் முடிஞ்சப்ப அவங்களா வெச்சிக்கினதுதான். அந்த அஞ்சு பேருல ஒருத்தர் வேணாம்னு சொன்னா மத்தவங்க எல்லாரும் சேந்து சொன்னாலும் நடக்காது. வீட்டோன்னு பேரு."

அவள் எங்கள் அஞ்சு சீட்டையும் ஒரு தடவை பார்த்தாள்.

"நம்ம போலாம்ணா மாதிரி," என்றாள்.

எனக்குச் சிரிப்புகூட வந்தது. புத்திசாலிதான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவளிடம் கொடுத்த எதுவும் அவளிடம் நிற்காது என்பதை மறந்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸின் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். "உலகத்துக்கே சேத்து ஒரு பஸ்ஸு உட்டாங்களாம். பெரிய சண்ட ஒண்ணு முடிஞ்ச கையோட. சண்டைல ஜெயிச்ச அஞ்சு பேரு முன்னாடி ஏறி உக்காந்துக்கினாங்க. அப்ப நம்ம நாட்டுக்கு சுதந்திரமே வரல. ஆப்பிரிக்காவுல பாதி நாட்டுக்குப் பேரே இல்ல. அப்புறம் ஒவ்வொருத்தரா ஸ்டாப்புல வந்து ஏறுனாங்க. எல்லாரும் நின்னுக்கினே வர்றாங்க. ஆப்பிரிக்கா, ஒரு கண்டமே கம்பியப் புடிச்சிக்கினு நிக்குது. யாரு எந்த ஊரு மேல குண்டு போடறான்னு விசாரிக்கப் போனா, முன்னாடி சீட்டுல ஒருத்தன் 'போலாம்ணா'ங்கறான். முடிஞ்சிச்சி."

பஸ் சிரித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து கேட்டார்கள். அந்த அஞ்சு பேரில் ஜெர்மனியையும் சேர்த்துவிட்டாள். "ஜெர்மனி இல்ல, அது தோத்துப்போச்சி" என்று நான் எழுந்து சொன்னேன். ஒருத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாதக்கணக்காக அந்தப் பாடத்தை அந்த பஸ்ஸிலேயே சத்தமாகப் படித்தவள் நான். ஒரு தலை என் பக்கம் திரும்பியதில்லை. இவள் தப்பும் தவறுமாகச் சொல்கிறாள், டிரைவர் அண்ணன்கூட ஸ்பீடைக் கம்மி பண்ணிக் கேட்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. அதை அப்படியேதான் சொல்கிறேன், அழகாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் அவளிடம் எதையும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். ஆனால் அவள் கேட்கிற விதம் அப்படி. வகுப்பில் எந்தப் பேராசிரியரும் என்னிடம் அவ்வளவு ஆசையாக எதையும் கேட்டதில்லை. சோவியத் யூனியன் உடைந்தபோது அந்த இடத்தில் ரஷ்யா உட்கார்ந்துகொண்டது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"யாரும் கேக்கலியா?"

"இல்ல. அப்படியே உக்காந்துக்கிச்சி."

மறுநாள் பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு. "அண்ணி சீட்டுல நாத்தனா உக்காந்த மாதிரி" என்று சொல்லிவிட்டிருக்கிறாள். அதிலும் துளி விஷம் கிடையாது அவளுக்கு. என்னைப் பார்த்து, "இல்லக்கா?" என்று என்னிடமே ஆமாம் வாங்கப் பார்த்தாள். விஷம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஏரிக்கரை ஸ்டாப்பில் ஏறுகிற பெண் ஒருத்தி உண்டு. குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருவதால் தினமும் ஓட்டமாகத்தான் வருவாள். ஒரு நாள் அவள் தூரத்தில் வரும்போதே எங்கள் முதல் வரிசையின் பெரியக்கா "போலாம்ணா" என்றார். பெரியக்கா அந்த அஞ்சு பேரில் மூத்தவர், முதல் நாள் வேனில் முதலில் ஏறியவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பஸ் நகர்ந்தது. இவள் கம்பியை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"நிறுத்துண்ணா."

"லேட்டாவும்மா. அப்புறம் எனக்குத்தான் பேஜாரு."

"நீ போண்ணா. நான் எறங்கிக்கிறேன். ஒரு ஆள உட்டுட்டுப் போற பஸ்ஸுல எனக்கு இன்னா வேல?"

இறங்கியே விட்டாள். ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, கேட்டில் நின்று, ரெண்டு பேருக்கும் அரை நாள் போனது. சாயங்காலம் பஸ்ஸில் அத்தனை பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். பெரியக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்கவில்லை. இறங்குவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, நானும் இறங்கியிருக்கலாம். ஆனால் நான் இறங்கியிருந்தால் பஸ் இப்படித் திரும்பிப் பார்த்திருக்காது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து பஸ்ஸில் அதே பேச்சு. மாற்றவேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எப்படி மாற்றுவது என்பதில் சண்டை. ஒடுகத்தூர்க்காரிகள், "நாங்கதான் ஜாஸ்தி பேரு, எங்களுக்கும் ரெண்டு நிரந்தரம் குடுங்க" என்றார்கள். அடுத்த ஸ்டாப்புக்கு அது பொறுக்கவில்லை. "ஒடுகத்தூருக்குக் குடுக்கறதா இருந்தா பேசாம இப்ப கீற மாதிரியே இருக்கட்டும்" என்றார்கள். மாதனூர்க்காரிகளுக்குச் சீட்டே வேண்டாம், போலாம்ணா சொல்கிற உரிமை மட்டும் வேண்டும். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். நானே எழுந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஐ.நா.வுலயும் இதே கததான். இந்தியா நிரந்தர எடம் கேக்குது, பக்கத்து நாடு வேணாங்குது. ஜப்பான் கேக்குது, சீனா வேணாங்குது. பிரேசில் கேட்டா அதுக்கும் பக்கத்துல ஒருத்தர் முட்டுக்கட்ட. ஆப்பிரிக்காவுக்கு ரெண்டு குடுக்கலாம்னா எந்த ரெண்டு நாடுன்னு சண்ட. மாத்தறதுன்னா மொதல்ல அந்த அஞ்சு பேரும் ஒத்துக்கணும். எத்தினியோ வருஷமா பேசிக்கினேகீறாங்க, ஒண்ணும் ஆவல."

முதல் தடவையாக பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லி முடியாது.

"அப்பிடியா?" என்றாள் அவள். "அப்ப அவங்களுக்கு முன்னாடி நம்ம முடிச்சிடலாம்."

பஸ் கைதட்டியது. என் நிமிடம் முடிந்துவிட்டது.

அவள் சொன்ன வழி சுலபம். யாருக்கும் நிரந்தரம் வேண்டாம். அந்த அஞ்சு சீட்டும் வாரத்துக்கு ஒரு ஊர் என்று முறை வைத்துச் சுற்றி வரட்டும். ஒருத்தி சொன்னால் பஸ் கிளம்பாது, மூணு ஊர்க்காரிகள் சேர்ந்து போலாம் என்றால்தான் கிளம்பும். ஆனால் சீட்டு அஞ்சு பேருடையது, அவர்கள் சம்மதிக்காமல் தொடக்கூடாது என்பதையும் அவளே சொன்னாள். அடாவடி அவளுக்கு வராது.

பெரியக்கா அசையவில்லை. "அந்த வேன்ல நாங்க ஏறுனப்ப எங்கள இன்னான்னா பேசுனாங்க தெரியுமா உனக்கு? பேச்சு கேட்டது நாங்க. சீட்டு உங்களுக்கா?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

"நீங்க ஏறலன்னா நாங்க யாரும் இல்லக்கா," என்றாள் அவள். அப்புறம் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல், "உம் பொண்ணு அடுத்த மாசம் வேலைக்கு வர்றாளாமே. கட்டிக் குடுத்தது ஏரிக்கரைலதான?" என்று கேட்டாள்.

ஏரிக்கரையில் ஏறுகிறவள் நின்றுகொண்டுதான் வரவேண்டும். கைக்குழந்தைக்காரி வேறு, ஓட்டமாகத்தான் வருவாள். மறு வாரம் பெரியக்கா தானாகவே எழுந்து ஒடுகத்தூர்க்காரி ஒருத்தியை உட்காரச் சொன்னார். அவரைப் பார்த்து மூணு பேர் எழுந்தார்கள். மிச்சம் நான்.

பஸ்ஸே என்னைப் பார்த்தது. எந்தப் பார்வைக்கு நான் அத்தனை நாள் ஏங்கினேனோ அது இந்த மாதிரி வந்து சேர்ந்தது. "எனக்குப் பரீட்ச இருக்குது. நின்னுக்கினு படிக்க முடியாது. நான் தர முடியாது," என்றேன். ஒளிவுமறைவு இல்லாமல் உள்ளதைத்தான் சொன்னேன்.

பின்னாலிருந்து யாரோ, "வீட்டோ!" என்று கத்தினார்கள். அவள் திரும்பி முறைத்தாள். அவள் முறைத்து அன்றுதான் பார்த்தேன்.

"யக்கா படிக்குதுல்ல. பரீட்ச முடியற வரைக்கும் அந்த சீட்டு அதுக்கே இருக்கட்டும். நம்மள்ல ஒருத்தி ஆபீசரானா இன்னா, கசக்குதா?"

எல்லோரும் சரி என்றார்கள். அவள் சொன்னால் சரி என்றுதான் சொல்வார்கள். என் சீட்டு எனக்கே கிடைத்தது, நான் ஜெயித்துவிட்டேன். மறுநாள் காலையில் அதில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நேற்று வரைக்கும் அது என் அண்ணியின் சீட்டு, என் உரிமை. இன்றைக்கு அது அவள் கொடுத்தது. பிஸ்கட்டை எனக்குப் பங்கு வைத்த மாதிரி, என் சீட்டை எடுத்து எனக்கே தானம் பண்ணிவிட்டாள். அவள் வழக்கம்போல் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி, "இன்னிக்கி இன்னா பாடம்க்கா?" என்று கேட்டாள். எனக்கு எழுத்து கண்ணில் ஏறவில்லை.

ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாவது நாள் எழுந்து, "எனக்கும் வேணாம். நானும் மொறைலயே வர்றேன். உம் பிச்ச ஒண்ணும் எனக்கு வேணாம்," என்றேன்.

கடைசி வார்த்தை அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. பஸ் போட்ட கூச்சலில் யார் காதிலும் விழுந்திருக்காது. அவள் என் தோளைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையில் கனகாம்பரம், துணியில் பசை வாசனை. நான் மரம் மாதிரி நின்றேன்.

இப்படித்தான் எங்கள் பஸ்ஸின் பாதுகாப்பு சபை திருந்தியது. பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் எழுந்தது பொறாமையில்.

பரீட்சையில் நான் தேறவில்லை. நின்றுகொண்டு படித்ததால்தான் என்று பழி போட ஆசைதான். ஆனால் உட்கார்ந்து படித்த வருஷங்களிலும் தேறியதில்லை. ரிசல்ட் வந்த அன்று எல்லோரும் என்னிடம் பேசாமல் இருந்து மரியாதை காட்டினார்கள். அவள் மட்டும் பக்கத்தில் வந்து அழுதாள். என் தோல்விக்கு என்னைவிட அவள் நன்றாக அழுதாள். அதற்கும் பஸ் அவளைத்தான் தேற்றியது.

அடுத்த வருஷம் அவள் புருஷனுக்கு ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்து, கிளம்பிப் போய்விட்டாள். கடைசி நாள் நான் லீவு. காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். அவள் பஸ்ஸில் ஆளாளுக்கு அழுது வழியனுப்பப்படுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த முறை இன்னும் நடக்கிறது. பெரியக்கா வேலையை விட்டுவிட்டார். அன்று இருந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. நான் இருக்கிறேன், அதே டேபிள்.

போன வாரம் மாதனூரில் புதுசாக ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். முன்வரிசையில் அந்த வாரம் ஏரிக்கரைக்காரிகள். "ஏன்க்கா முன்னாடி சீட்டு மட்டும் மாறிக்கினே இருக்குது, தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். எனக்கே சொல்ல வந்துவிட்டாள். உலகத்துக்கே சேத்து ஒரு பஸ்ஸு உட்டாங்களாம் என்று அதே வார்த்தை, அதே இழுப்பு. ஜெர்மனியும் அப்படியே இருந்தது. நான் திருத்தவில்லை. வில்லி வருகிற இடத்துக்குக் காத்திருந்தேன். ஜன்னலோரத்தில் புத்தகத்தோடு ஒருத்தி தர முடியாது என்று சொன்ன இடம்.

"அப்ப ஒரு அக்கா இருந்துச்சாம். பெரிய படிப்பாம். ஐ.நா. கதையே அதுதான் எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துச்சாம். நாலு பேரு எந்திரிச்சப்பகூட யாருக்கும் நம்பிக்க இல்லியாம். அந்தக்கா பரீட்சக்கிப் படிச்சிக்கினு இருந்த சீட்டக் குடுத்துட்டு எந்திரிச்சி நின்ன அப்பறந்தான் இது நடந்துச்சாம். அது இல்லன்னா இந்த மொறையே இல்லியாம்."

"யாரு சொன்னா உனக்கு?"

"எங்க அத்த. இங்கதான் வேல செஞ்சிச்சி. ஓசூருக்குப் போன ஒரு அக்கா கடைசி நாளு பஸ்ஸுல எல்லாரையும் உக்கார வெச்சி, இத மறக்கக் கூடாது, புதுசா யாரு ஏறுனாலும் சொல்லணும்னு சொல்லிட்டுப் போச்சாம்."

நான் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்த நாள். இத்தனை வருஷமாக அவள்மேல் வயிறெரிய எனக்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. என்னுடையதை எடுத்து ஊருக்குக் கொடுத்தாள், என் பேரைச் சொல்லவில்லை என்பது. அந்தப் பேரையும் முழுசாக என் கையில் வைத்துவிட்டு, தனக்குத் தூள்கூட மிச்சம் வைத்துக்கொள்ளாமல் போயிருக்கிறாள். அன்று எரிந்த மாதிரி என் வயிறு என்றைக்கும் எரிந்ததில்லை.

"நீங்க ரொம்ப நாளா இந்த பஸ்ஸுல வர்றீங்கல்ல? அந்த ரெண்டு பேரையும் பாத்துகீறீங்களாக்கா?"

"ஒருத்திய பாத்துகீறேன்," என்றேன்.

"எப்படி இருப்பாங்க?"

என் பையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. எடுத்துப் பிரித்து அவளுக்கு ஒன்று கொடுத்தேன். அவளுக்கு அடுத்து நின்றவள் பார்த்தாள், அவளுக்கும் ஒன்று கொடுக்கவேண்டி வந்தது.